இரண்டு மலை, நடுவில் சூரியன்

எங்கள் ஊரில் மலை கிடையாது. பள்ளிக்கூட மாடியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரங்களும், அவற்றுக்கு நடுவே நிஜக் கோபுரங்களும்தான் தெரியும். ஆனாலும் பிள்ளையார்பாளையத்தில் நான் பாடம் நடத்திய இத்தனை வருடங்களில், "உங்கள் இஷ்டம்போல வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் இரண்டு மலையைப் போட்டு நடுவில் சூரியனை வைத்துவிடுவார்கள். மலையிலிருந்து ஒரு ஆறு இறங்கும். கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்கை. இதையெல்லாம் எங்கே பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் நானும் இதையேதான் வரைந்தேன்.

அந்தப் படங்களைச் 'சுதந்திரமான வெளிப்பாடு' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியவள் நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

இருபது வருடம் இருக்கும். புதிய கற்பித்தல் முறைக்கு என்று எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் மாறிக்கொண்டு வருகின்றன, வகுப்பின் நடுவில் இருக்க வேண்டியது ஆசிரியர் இல்லை, குழந்தைதான் என்றார் பயிற்சி கொடுத்தவர். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பள்ளியின் வீடியோவைப் போட்டார். பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள். டீச்சரும் கூடவே தரையில் உட்கார்ந்து, ஒரு பொடிப்பயல் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் படித்த காலத்தில் என் பேச்சை எந்த டீச்சர் கேட்டாள்?

திரும்பி வந்ததும் பிரம்பை ஒடித்துப் போட்டேன். பாய் விரித்தேன். கரும்பலகையைப் பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரோடு சண்டை போட்டேன். எனக்கு மிஞ்சிய ஒரே எதிரி 'காப்பி'. பார்த்து எழுதுவது, பார்த்து வரைவது, எதுவும் கூடாது. புதிதாக விரதம் பிடித்தவள் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதுபோல, எந்தப் பிள்ளை எதைப் பார்த்துப் போடுகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பேன்.

அந்த வருடம் என் நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது. அதிகம் பேச மாட்டாள். அப்பாவுக்கு வீட்டிலேயே தறி. பட்டுப் புடவையின் பார்டரில் என்ன உருவம் வர வேண்டுமோ அதை முதலில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைவார்கள். கிராஃப் என்போம். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் மலை போட்டுக்கொண்டிருக்க, இவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிராஃப் தாளை விரித்து, சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பாள். உதடு அசையும். எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். வரிசையாக அன்னப் பறவைகள். எங்கள் தெருக்களில் எந்தப் புடவையைப் பிரித்தாலும் இருக்கிற அதே அன்னம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்ல இருக்கிறத பாத்து காப்பி அடிக்கக் கூடாதும்மா. உன் மனசுல இன்னா தோணுதோ அத போடு" என்றேன்.

"இதான் மிஸ் தோணுது."

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். மூன்று வாரம் அந்த ஒரே தாளை வீட்டுக்கும் வகுப்புக்குமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு வெளிநாட்டிலிருந்து நாலு பேர் எங்கள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். நூல் கட்டி, கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருந்தேன். அவளுடையதை நான் எடுக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் கடைசியில் அதுவும் தொங்குகிறது, அவளே மாட்டியிருக்கிறாள். கழற்றச் சொல்ல நேரமில்லை. வந்தவர்களில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, மலைகளை எல்லாம் ஒரு புன்னகையோடு கடந்துபோய், அந்த அன்னங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். யார் வரைந்தது, அந்தக் குழந்தையிடமே இதைப் பற்றிக் கேட்கலாமா என்றார்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கேட்டால் சொல்லியிருப்பாள். நான் முந்திக்கொண்டேன். இவள் அப்பா நெசவாளர், வீட்டில் இருப்பதை அப்படியே காப்பி அடிக்கிறாள், இன்னும் சொந்தமாகச் செய்யப் பழகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் பிள்ளைகளுக்கு அன்று ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் காப்பி என்ற வார்த்தை தெரியாத பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு விருந்தாளிகளை அடுத்த அறைக்கு அழைத்துப்போனேன்.

சாயங்காலம் அவள் அந்தத் தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அதையும் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மற்ற பிள்ளைகள் அவளைக் காப்பி, காப்பி என்று கூப்பிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன். 'மிக நன்று' என்று எழுதி ஸ்டார் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். எல்லோரும் போன பிறகும் அவள் அப்பா தயங்கி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். பாப்பா இப்பல்லாம் கிராஃப் பக்கமே வர்றதில்ல. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. இஸ்கூல்ல எதுனா ஆச்சா?"

"ஒன்னும் இல்லீங்களே" என்றேன்.

"எங்க டிசைன்ல அன்னமெல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கினு வரிசையா போவும். இது போட்டதுல ஒவ்வொண்ணும் கழுத்த திருப்பி பின்னாடி பாக்குது. ஏம்மா இப்டினு கேட்டேன். பின்னால வர்றது வருதானு பாக்குதுப்பான்னுச்சு. கழுத்த திருப்பணும்னா எல்லாக் கட்டத்தையும் புதுசா எண்ணணும் மிஸ், ஒன்னோட ஒன்னு சேரணும். எனக்கே வராது. கிராஃப் போடறவரு பாத்துட்டு யாரு போட்டதுன்னு கேட்டாரு. அந்த பேப்பரு இங்க இருக்குதா?"

"தேடிப் பாக்கிறேன்" என்றேன். குப்பைக்கூடையைக் கொட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

மூன்று வாரம் என் கண்ணெதிரே இருந்த படம். ஒரு பறவையின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, "நான் தப்பா சொல்லிட்டேன் கண்ணு" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அது ஆயிரம் தடவை கிடைத்தது. வெட்கம் விடவில்லை. அவள் ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பிறகு என்னையே பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவேன். "ஒரு பள்ளியில் ஒரு ஆசிரியை" என்றுதான் ஆரம்பிப்பேன். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். அந்த ஆசிரியையை நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

இப்போது நான் தலைமை ஆசிரியை. இந்த ஜூன் மாதம் சேர்க்கைக்கு ஒரு பெண் தன் மகளோடு வந்து, "மிஸ், நான் உங்ககிட்ட படிச்சவ" என்றாள். சொல்லியிருக்கவே வேண்டாம். உள்ளே வரும்போதே தெரிந்துவிட்டது. புதுப் பிள்ளைகளுக்குப் பயம் போகட்டும் என்று தாளும் கிரேயானும் கொடுப்பது வழக்கம். அந்தக் குழந்தைக்கும் கொடுத்தேன். பிறகு கேட்டேன்.

"நீ கிராஃப்ல ஒரு அன்னம் போட்டியே, ஞாபகம் இருக்காம்மா?"

கொஞ்சம் யோசித்தாள். சட்டென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த காப்பியா மிஸ்? இன்னும் ஞாபகம் வெச்சினு இருக்கீங்களா? சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டேன் மிஸ்."

"இல்லம்மா, அது காப்பி இல்ல. நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் குழந்தை வெறும் தாளோடு அம்மாவின் சுடிதாரைப் பிடித்து இழுத்தது. என்ன போடுவது என்று தெரியவில்லையாம். அவள் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்து, மகளின் காதில் சொன்னாள்.

"ரெண்டு மலை போட்டு நடுவுல சூரியன் வைடா. மிஸ்சுக்கு அதான் புடிக்கும்."