“அவன் களைத்துவிட்டானா?”

இந்த நாட்டு மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஜெர்மனிக்கு வந்து மாதங்கள் கடந்தும், ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது ஒரு தயக்கம்: கையில் இருப்பது அவனா, அவளா, அதுவா?

ஆய்வகத்தில் என் வேலை, பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பயோடீசலாக்குவது. வழக்கமாக இதற்கு வினையூக்கியாகச் சேர்க்கும் காஸ்டிக் சோடா கரைந்துவிடும். அதைக் கழுவியெடுக்க நுரை நுரையாய்த் தண்ணீர் வீணாகும். மணலிக் கால்வாயில் நுரையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கரையாத திட வினையூக்கி என்றால் வடிகட்டி மறுபடியும் போடலாம். நான் எடுத்துக்கொண்டது எண்ணூர்க் கரையின் சிப்பி. திருவொற்றியூரிலிருந்து என் கணவர் தேவாவும் மகன் கௌதமும் பொறுக்கி, பிஸ்கட் டப்பாவில் அனுப்பியது. உலையில் சுட்டால் வெள்ளைப் பொடியாகும். “இன்னாம்மே, சிப்பி வறுக்கவா அத்தினி தூரம் போன?” என்று தேவா போனில் சிரித்தார்.

பொடி திரும்பத் திரும்ப வேலை செய்தால் என் ஒப்பந்தம் இன்னோர் ஆண்டு நீளும். இல்லையென்றால் ஊர் திரும்பவேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை விட்டு வந்தவள் எதை வேண்டிக்கொள்வது?

ஒரு நாள் என்னுடன் வேலை செய்யும் ஹைக்கே எட்டிப் பார்த்து, “இஸ்ட் ஏர் மியூடெ?” என்றார். அவன் களைத்துவிட்டானா? கௌதமுக்குக் காய்ச்சல் என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தேன்.

“ஆமாம், அழுதுகொண்டே இருந்தான். அப்பா தோளில்தான் தூங்கினான்.”

ஹைக்கே என் முன்னாலிருந்த குடுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் வினையூக்கியைக் கேட்டேன்.”

அந்தச் சொல் இங்கே ஆண்பாலாம். திறன் குறைந்தால், அவன் களைத்தான். என் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தேவா ஓட்டும் கிரேனும் “அது” இல்லையே! “அவன் இன்னிக்கி ஒரே பேஜாரும்மே” என்றுதானே வீட்டுக்குள் நுழைவார்.

பொடியை வடிகட்டி, கழுவி, மறுபடி சுட்டு, புது எண்ணெயில் போட்டோம். அன்றும், அதற்கடுத்த முறைகளிலும் மேலே பொன்னிறமாய் டீசல் தெளிந்தது; அடியில் அதே வெள்ளை. ஏதோ ஒரு சின்ன உயிர் எண்ணூர்ச் சேற்றில் தனக்கென்று கட்டிய கூடு, முன்பின் அறியாத ஊரின் எண்ணெயை வேறொன்றாக்கிவிட்டு அமைதியாகக் கிடந்தது. “அவன் களைக்கவில்லை” என்றார் ஹைக்கே. ஒப்பந்தம் நீண்டது.

போனில் குடுவையைக் காட்டினேன். காய்ச்சல் விட்டிருந்த கௌதம் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டான்.

“ம்மா, என் சிப்பி எங்க கீது?”

“இதோ கண்ணா, வேலை செய்றான்.”

“வேலை முட்ச்சிட்டு வூட்டுக்கு எப்ப வருவான்?”

குடுவையை மெல்ல அசைத்தேன். பொடி மேலெழுந்து, எங்கே இறங்குவதென்று தெரியாததுபோல் நடுவிலேயே சுழன்றுகொண்டிருந்தது.