பெயிண்ட் அடிச்சுட்டுப் போலாம்

எங்க அண்ணன் டைல்ஸ் ஒட்டுறவர். தெருவுல அவருக்கு ரசமட்டம்னு பேரு. ஒட்டின தரையில ஒரு கோலியை வச்சுப் பார்ப்பார். அது உருண்டுச்சுன்னா அத்தனையையும் பேர்த்துட்டு மறுபடி ஒட்டுவார். வேலைக்கு அது சரி. வீட்டுல அந்த மனுஷனோட குப்பை கொட்டினது எங்க அண்ணி.

அண்ணி தையல் கம்பெனியில பட்டன் தைக்கிறவங்க. இருபத்திரண்டு வருஷம், சாயங்காலம் அஞ்சரைக்கு வேலை விட்டதும் கேட்டுக்கு எதிர்ல பஸ் நிறுத்தத்துல கால் கடுக்க நின்னவங்க. அண்ணன் ஒரு பழைய காரை வாங்கிட்டு வந்தப்போ அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"என்னங்க, ஒரு நாள் அஞ்சரைக்கு என்னை முன் சீட்ல வச்சு அந்த நிறுத்தம் வழியா ஓட்டுங்க. அவளுங்க வாயைப் பொளக்கணும்."

அப்பவே அண்ணிக்கு இதயத்துல வால்வு கெட்டிருந்துச்சு. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். ஆபரேஷனுக்கு ஆறு வாரம் தள்ளித் தேதி குடுத்திருந்தாங்க. அதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துடணும்னு அவங்களுக்கு ஆசை.

கார் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா கதவு ஒண்ணு சிவப்பு, மிச்சமெல்லாம் வெளுத்துப்போன பச்சை. "இந்தக் கோலத்துல உன்னை ஏத்திட்டுப் போனா என் மானம் போகும். பெயிண்ட் அடிச்சுட்டுப் போலாம்"னார் அண்ணன். கருநீலம்னு கலரைச் சொன்னது அண்ணிதான்.

வீட்டு முன்னாடி தகரக் கொட்டகையிலேயே வேலை. பழைய பெயிண்டைச் சுரண்டி, துருவைத் தேய்ச்சு, பள்ளத்துல பட்டி வச்சு, உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தேய்ச்சார். கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லைன்னா மறுபடி பட்டி. பெயிண்டுக்கு அடியில பூசுற பிரைமர் அடிக்கிற அன்னைக்குத் தூசி பறக்கக் கூடாதுன்னு தரையெல்லாம் தண்ணி தெளிச்சார், கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டினார், எங்களை அந்தப் பக்கமே விடல. அடிச்சு முடிச்சதும் கார் சாம்பல் கலர்ல ஒரே சீரா நின்னுச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, "வலது கதவுல அலை தெரியுது"ன்னு மறுபடி தேய்க்க உக்காந்துட்டார்.

"இந்தச் சாம்பலோடயே ஒரு நடை போயிட்டு வரலாமே"ன்னாங்க அண்ணி. அவர் காதுலயே போட்டுக்கல. அண்ணி என்கிட்ட வந்தாங்க. "நீ சொன்னா உங்க அண்ணன் கேப்பார், கொஞ்சம் சொல்லேன்."

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "இருபத்திரண்டு வருஷம் பொறுத்தீங்க, இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டீங்களா அண்ணி?"ன்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. இப்ப நினைச்சா என்னையே ரெண்டு அறை அறையணும் போல இருக்கு.

ரெண்டாவது தடவை பிரைமர் அடிச்ச அன்னைக்குத்தான் அண்ணிக்கு மூச்சு முட்டுச்சு. கார் ஈரமா, கண்ணாடியெல்லாம் பேப்பரோட நிக்குது. பக்கத்து வீட்டு மளிகைக்காரர் தன்னோட வேனை எடுத்தார். மூட்டைகளுக்கு நடுவுல என் மடியில சாஞ்சுக்கிட்டுத்தான் எங்க அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மூணாம் நாள் இறந்துட்டாங்க.

ரெண்டு மாசம் அண்ணன் கொட்டகைப் பக்கமே திரும்பல. பிரைமர் ஈரத்தைக் குடிக்கும், மேல பெயிண்ட் ஏறலைன்னா அடியில துரு பிடிக்கும்னு எனக்குச் சொன்னவரே அவர்தான். கருநீல டப்பா மூடி திறக்காம கிடந்துச்சு. "அண்ணி கேட்ட கலரையாவது அடிங்கண்ணா"ன்னு சண்டையே போட்டேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் பேப்பரையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, "வா, ஏறு"ன்னார். நான் முன் கதவைத் திறக்கப் போனேன். "பின்னாடி உக்காரு"ன்னார்.

சரியா அஞ்சரைக்கு நிறுத்தத்துக்கிட்ட வண்டியை நிறுத்தினார். அண்ணியோட வேலை பார்த்தவங்க சுத்தி வந்து நின்னாங்க. ஒரு அம்மா கதவைத் தடவிட்டு, "இன்னும் பெயிண்ட் அடிக்கலையாண்ணே?"ன்னு கேட்டாங்க.

அண்ணன் பக்கத்துல காலியா இருந்த சீட்டைப் பார்த்தார்.

"இதுவே போதும்மா. இதுலயே அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."