கல்லை விடாத தலைப்பிரட்டைகள்

எங்கள் தம்புனான் மலையில் என் ஓரகத்தி ரங்குமாஸைப் போல ஒரு வாயாடி கிடையாது. ஓடையில் துணி துவைக்கும்போது அவள் கேலிக்குத் தப்பியவர்கள் யாருமில்லை. அவள் மகள் சிந்தியூ, நீர் பாய்ந்து விழும் பாறையில் வாயால் ஒட்டிக்கிடக்கும் தேரைத் தலைப்பிரட்டைகளைப் பிய்த்தெடுக்கப் பார்ப்பாள்.

"விடுடி, உங்கப்பன் கள்ளு ஜாடியப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கு. வராது" என்பாள் ரங்குமாஸ்.

போன மழைக்காலத்தில் இருவரும் மலைவயலிலிருந்து திரும்பி ஓடையைக் கடக்கையில் திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது. குழந்தையின் கை அவள் கையிலிருந்து நழுவிப் போயிற்று. கரையில் நின்று பார்த்தவள் நான். அந்த வெள்ளத்தில் எருமையே நின்றிருக்காது. ஆனாலும் ஊரில், "பெத்தவளே கைய விட்டுட்டாளே" என்றார்கள். அவர்கள் நாக்கு அழுகட்டும்.

கீழே மூங்கில் புதரில் கிடைத்த சிந்தியூவைப் புதைத்த மறுநாள், ரங்குமாஸை வீட்டில் காணாமல் ஓடைக்கு ஓடினேன். வெள்ளம் வடிந்திருந்தது. அவள் அந்தப் பாறையின் முன்னால் தண்ணீரில் உட்கார்ந்து, நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அத்தனை வெள்ளத்துக்குப் பிறகும் தலைப்பிரட்டைகள் கறுப்புக் கறுப்பாக அங்கேயே ஒட்டியிருந்தன. அவள் பிய்த்து எறிந்தவையும் அடுத்த கல்லில் போய் ஒட்டிக்கொண்டன.

"எழுந்திருடி, விரலெல்லாம் ரத்தம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களுக்குக் கையே இல்லக்கா" என்றாள்.