சாயங்காலமானால் துள்ளிய கை

போன வருடம் ஐப்பசி மழையில், ஆந்திராப் பக்கம் புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சின்னச் சின்னப் பாகங்களைக் கையால் எடுத்துப் பொருத்த வேண்டும். பைக் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கை சரியாகாவிட்டால் அந்த வேலை இல்லை.

திருப்பதியில் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா, கையை விடாமல் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ரப்பர் பந்தைப் பிசைய இவருக்குப் பொறுமை ஏது? என் தம்பி வீட்டில் சும்மா கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினேன். ரிமோட்டை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் திரையில் ஒரு குட்டிக் கை போகும். அதை வைத்துப் பலூன்களை உடைக்க வேண்டும். மனிதர் குழந்தையாகவே மாறிவிட்டார். எனக்கும் தெம்பு வந்தது. அந்த வாரமே காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய், கை குணமாகும்வரை தினமும் சாயங்காலம் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. காலையில் விளையாடினால் பலூன்கள் படபடவென்று உடையும். சாயங்காலம் உட்கார்ந்தாலோ திரையில் இருக்கும் கை நடுங்கும், துள்ளும், மூலைக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். பொழுது சாய்ந்தால் தன் கை சோர்ந்துபோவதாக இவரே முடிவுகட்டிவிட்டார்.

நான் விடுவேனா? ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். பெட்டியோடு வந்து டிவிக்குக் கீழே இருக்கும் சென்சார் பட்டையைத் துடைத்தேன். போனில் தேடிப் படித்தேன். அந்தப் பட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வருமாம். அதைப் பார்த்துத்தான் ரிமோட் திசை கண்டுபிடிக்குமாம். பக்கத்தில் வேறு வெளிச்சமோ பளபளப்போ இருந்தால் குழம்பிப்போகுமாம். உடனே ஜன்னலுக்குத் திரை போட்டேன். டியூப் லைட்டை அணைத்தேன். எவர்சில்வர் குடத்தை அடுப்படிக்குள் தள்ளினேன். கண்ணாடியைத் துண்டால் மூடினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் பெட்டியைத் திருப்பதியில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "பாகுந்தம்மா, நல்லாவே இருக்கு, ஒரு கோளாறும் இல்ல" என்று சிரித்தார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மிஷின் நல்லாத்தான் கீது. என் கைதான் போச்சுமே" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். இவர் ரிமோட்டைத் தொடவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அதை எடுத்து நீட்டினேன். அதுவரை சாயங்காலத்தில் நான் விளையாடியதே இல்லை. அடுப்பு வேலையே சரியாக இருக்கும். என் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் திரையில் அந்தக் கை தவளை மாதிரி துள்ளியது!

"ஏங்க! எனக்கும் துள்ளுதுங்க!" என்று கத்தியேவிட்டேன். ஒரு பலூனைக்கூட உடைக்க முடியாததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். இவர் எழுந்து வந்து, புழுக்கத்துக்கு ஃபேனைப் போட்டார். காற்றில் விளக்கு அணைந்தது. திரையில் கை அப்படியே நின்றது. திரும்ப ஏற்றினேன், துள்ளியது.

டிவி மேஜையில், பட்டைக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் படம். அதன் முன்னால் நான் ஏற்றிய விளக்கு. வீட்டில் இருந்த வெளிச்சத்தை எல்லாம் அணைத்தவளுக்கு இது மட்டும் கண்ணில் படவே இல்லை. எனக்கு அது லைட் இல்லையே, சாமி! இவர் கைக்காக ஏற்றியதே இவர் கையைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "புள்ளையாருக்கும் பலூன் ஒடைக்க ஆச வந்துடுச்சி போலகீது. எங்கூட போட்டி போட்டுக்கினு இருந்திருக்காரு!" விபத்துக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

வேண்டுதலை விடவில்லை. படத்தையும் விளக்கையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பிள்ளையார் இவர் முதுகுக்குப் பின்னால் இருந்து ஆட்டத்தைப் பார்த்தார். எனக்கும் குறும்பு வந்தது. ஒருநாள் பட்டையின் வயரைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் இரண்டு அகலைச் சற்றுத் தள்ளித் தள்ளி ஏற்றிவைத்தேன். ரிமோட் அவற்றையே பட்டை என்று நம்பி ஒழுங்காக வேலை செய்தது! பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

தை பிறந்ததும் இவர் வேலைக்குப் போனார். இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும்போது, அந்தக் கையைத்தான் நான் பார்ப்பேன். யாராவது "என்னால முடியல" என்றால் இப்போதெல்லாம் நான் உடனே நம்புவதில்லை. அவர்கள் கையில் இருப்பதை வாங்கி, முதலில் நானே ஒருமுறை பிடித்துப் பார்க்கிறேன்.