பூம்பாறைக்கு ஒரு ஜன்னல்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் எழுத்தராக இருந்தேன். குழந்தைகள் நாற்பத்தொரு பேர். அதில் பதினெட்டுப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். ஆனாலும் வாசல் பலகையில் அநாதைகள் என்றே எழுதியிருந்தது. நல்ல பெயிண்ட், அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பூம்பாறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் செத்தபோது நான்கு வயது மகளை எங்களிடம் விட்டுப் போனவள். மூன்று வருஷத்தில் அண்ணனோடு சேர்ந்து பூண்டு போட்டு ஒருவாறு நிமிர்ந்துவிட்டாள். "எம்புள்ளயக் கூட்டிட்டுப் போறேங்க" என்றாள்.

பெற்றவள் கேட்டதும் கொடுத்துவிட நாங்கள் என்ன விவரம் கெட்டவர்களா? இருபத்தேழு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. வீட்டைப் பார்த்து அதை நிரப்பிவர என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டு போனேன். அறுபத்திரண்டாவதில் வாந்தி வந்ததால் மீதி தெரியாது.

வீடு ஒரே அறை. அடுப்புக்கு மேலே பரண் நிறையப் பூண்டு. பத்தொன்பதாம் கேள்வி, ஜன்னல்கள் எத்தனை. சுவர்களை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன்.

"சன்னலா? பொகை வெளிய போயிருச்சுன்னா மேல கெடக்குற பூண்டு கெடாம எப்படிங்க தாங்கும்?" என்றாள்.

இல்லத்துக் கமிட்டியில் ஐந்து பேர். ஜன்னல் இல்லாத வீட்டில் குழந்தை மூச்சுவிட முடியாது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஆறு ஜன்னல்கள். குளிருக்குப் பயந்து ஆறையும் அடைத்திருந்தார்கள்.

மறுபடி பஸ், மறுபடி வாந்தி. முடிவைச் சொன்னேன். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கடப்பாரைய எடு."

"இப்பவேவா?"

"பின்ன, அவளுக்குக் கல்யாணமான பெறகா?"

என் கண்முன்னே மண்சுவரில் ஒரு சதுரம் விழுந்தது. "எண்ணிக்கங்க சார்" என்றாள். ஒன்று என்று எழுதினேன்.

இன்னும் இரண்டு கூட்டம் போட்டுப் பிள்ளையை அனுப்பினார்கள். ஃபைலை நாடாவால் கட்டி அலமாரியில் வைத்தோம். எங்கள் கருணை அத்துடன் முடிந்தது. அடுத்த மாதம் இல்லத்துக் கம்பளிச்சட்டை ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, அதை வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

சட்டை பிள்ளையின் உடம்பில் இருந்தது. தாய் என்னைத் தனியே அழைத்தாள்.

"தண்ணி குடிக்கக்கூட என்னயக் கேக்குறா சார். வெளிய போகவும் கேக்குறா. அடிச்சாக் கூட அழ மாட்டேங்குறா. நான் அவளுக்கு ஆத்தாளா, வார்டனா? மூணு வருசம் வச்சிருந்தீகளே, சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

பிள்ளையின் எடை, உயரம், போட்ட ஊசிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இருபத்தேழு கேள்விகளில் இது இல்லை.

அதற்குள் பிள்ளை வந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "சார், தண்ணி குடிக்கலாமா?"

தாயின் முகம் செத்துப்போயிற்று. அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்வரை இல்லமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. அது புரிய எனக்கு மூன்று பயணம் வேண்டியிருந்தது. பதில் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.

தெருமுனை தாண்டுவதற்குள் செம்பு உருளும் சத்தம்.

"ஏண்டி தண்ணிய வீடெல்லாம் கொட்டுற? கண்ணு எங்கிட்டு இருக்கு?"

"நீதான பானைய நடுவுல வச்ச!"

"வாயப் பாரு!"

"நீதான வச்ச! நீதான!" என்று பிள்ளை ஓவென்று அழத் தொடங்கினாள்.

சட்டையைக் கேட்கத் திரும்பிப் போகவில்லை.