அட்டவணையில் வெள்ளையன் காடு

2025 ஜூலை 9, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பேளுக்குறிச்சியில் ஏழு மணி பஸ். முற்பகல், முதுகலை மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வுச்சுருக்கம் எழுதும் வகுப்பு. மதியத்துக்கு மேல் ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் திருத்துவது. பல ஆண்டுகளாக என் வேலை இதுதான்.

மூன்று மணிக்குத் தங்கமணி வந்தாள். கொல்லிமலைப் பெண்; சாமை ரகங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆய்விதழ் திருப்பியனுப்பிய கட்டுரை அவள் கையில் இருந்தது. மறுநாள் நண்பகலுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

குறை ஒன்றுதான். ஆய்வுமுறையைச் சொல்லும் மெத்தட்ஸ் பகுதியில், விதை எடுத்த ஆறு காடுகளையும் யார் திருத்திய காடு, மேல்வரப்பு யாருடையது, கீழ்வரப்பு யாருடையது என்று விரிவாக எழுதியிருந்தாள். மலையில் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். முதலில் திருத்தியவர் பேரைச் சொல்லித்தான் பேச்சையே எடுப்போம். கை மாறினாலும் பேர் மாறாது. கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவருக்கு இது ஊர்க்கதை. பேர்களை நீக்கி எண் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

வகுப்பில் நான் சொல்வதும் அதுவே: மண், உயரம், மழையளவு போதும். பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். அவள் தடுக்கவில்லை. நான்காவது பேரில் கை நின்றது. வெள்ளையன் காடு.

“இது இப்ப யாருது கண்ணு?”

“ராசு மாமா ஊட்டுதுங்க சார். ஏனுங்க, தெரிஞ்ச காடுங்களா?”

“வெள்ளையன் எங்கப்பா.”

அடித்திருந்த பேர்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு, “நல்லவேளைங்க, மூணு பேரோட நின்னுச்சு” என்றாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது விற்ற காடு. அப்பா இறந்த பிறகு மலைக்கே போகவில்லை. பலாமரம் இருக்கிறதா, மழைக்கு மேல்வரப்பு இன்னும் உடைகிறதா என்று கேட்டேன். மரம் இருக்கிறதாம். வரப்பும் வருஷம் தவறாமல் உடைகிறதாம். அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

“அடிக்கறதுன்னா அடிங்க சார். ஆனா எந்த வெதை எந்த ஊட்டு வழியா வந்துச்சுன்னு அந்தப் பேரை வெச்சுத்தானுங்க சொல்ல முடியும்.”

அப்படியானால் அது தரவு. வரப்பு விவரங்களை ஒரே வாக்கியமாக்கினோம்; பேர்களுக்கு அட்டவணையில் தனி நெடுவரிசை, ரிவ்யூவருக்குக் காரணம் சொல்லி ஒரு பதில். என் மேஜையிலிருந்தே ஆறு வீட்டுக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டாள். ராசு, போட்டோ போட மாட்டார்களா என்று கேட்டாராம். “வெள்ளையனுக்குச் சம்மதம் நீங்கதான் சொல்லோணும்” என்று என் பக்கம் திரும்பினாள். தலையாட்டினேன்.

தேவையில்லாததை வெட்டு என்று இப்போதும் சொல்லித்தருகிறேன். யாருக்குத் தேவையில்லை என்று கேட்டுவிட்டு வெட்டச் சொல்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அட்டவணையின் நான்காம் வரியில் அப்பா பேரை ஆங்கிலத்தில் டைப் செய்தேன். எந்த மொழியிலும் அவர் எழுதிப் பார்க்காத பேர்.