ஹருயோ ஒளித்த பானை

கடைக்குள் யார் நுழைந்தாலும் ஹருயோ முதலில் காலணியைப் பார்ப்பாள். பிறகு விரல் நகங்களை. முகத்துக்கு வருவது கடைசியில்தான். அதற்குள் அவள் கை தன்போக்கில் கண்ணாடிக் குவளையில் அரிசி மதுவை விளிம்புக்கு மேலே மேடு தட்ட நிறைத்துவிடும். ஒரு சொட்டும் சிந்தாது. வந்தவர் குனிந்து முதல் மிடறை உறிஞ்சும்போது அந்த உச்சந்தலையையும் ஒரு பார்வை பார்த்துவைப்பாள்.

ஜப்பானின் கியூஷு தீவின் வடகோடியில், இரும்பாலைச் சங்கு ஊதும் ஊரில், ஆற்றோரச் சந்தை முடிகிற இடத்தில் இருந்தது அவள் மதுக்கடை. வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போகலாம். உட்கார ஒரு முக்காலி கிடையாது. டப்பா மீனோ கடலைப் பொட்டலமோ அவரவரே எடுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். சமைத்துப் பரிமாற அவளுக்கு உரிமம் இல்லை. ஆனாலும் கல்லாவை ஒட்டி ஒரு பானை கொதித்துக்கொண்டிருக்கும்: முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டை. கணவன் போன பிறகு கடை நிற்பதே அந்தப் பானையின் பலத்தில்தான். அதிகாரி கண்ணில் அது பட்டால் மது விற்கும் உரிமமும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தாள்.

அந்த நவம்பரில் ஒரு புதியவர் வந்தார். பாலிஷ் போட்ட காலணி. ஒரு குவளை, ஒரு டப்பா கானாங்கெளுத்தி. குடித்து முடித்ததும் நோட்டை எடுத்து எழுதினார். சுவரைப் பார்த்தார், விலைப்பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி எழுதினார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து மூக்கைத் தூக்கினார். "நல்ல வாசனை வருதே, என்னம்மா அது?"

"எங்க வீட்டு ராத்திரிச் சாப்பாடு."

அவர் போனதும் பானை பின்கட்டுக்குப் போயிற்று.

"யாரோ ஒருத்தனுக்காக நாங்க பட்டினி கிடக்கணுமாக்கா?" என்றான் இரும்பாலை உலையில் வேலை பார்க்கும் குகிமியா.

"மெதுவாப் பேசுடா. அது சுகாதார ஆபீஸ் ஆளு. நடையிலயே தெரியுது."

"ஆபீஸ் ஆளு டப்பாவை இப்படி வழிச்சுத் திம்பானா?"

ஒன்பது வருஷமாக மாலை ஐந்தரைக்கு வந்து இரண்டு குவளையும் மூன்று துண்டு முள்ளங்கியும் முடித்துப் போகிறவர் உமெஸு. அவர் குவளைக்குள் பார்த்தபடி சொன்னார்: "உள்ளேயே இருக்கட்டும் ஹருயோ. நாலு நாள் நாக்கைக் கட்டினா செத்தா போயிடுவோம்."

"அண்ணன் முகத்தைப் பாருங்க, இப்பவே செத்த மாதிரி இருக்கு," என்றான் குகிமியா.

நான்காம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த மாதிரிக் கடைகளில் யாரும் யாருடைய வேலையையும் விசாரிப்பதில்லை. மேலாளரும் கரி அள்ளுபவரும் தோளோடு தோள் உரசி நிற்பது அந்த மௌனத்தை நம்பித்தான். இருபது வருஷத்தில் முதல்முறையாக ஹருயோ அதை உடைத்தாள்.

"ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

உமெஸு குவளையைக் கீழே வைத்தார். "இங்க அதைக் கேக்கக்கூடாதும்மா."

புதியவர் சிரித்தார். "வேலை இல்லைங்க. ஊர் ஊராப் போறேன், சந்தையைச் சுத்துறேன், திங்குறேன், எழுதுறேன்." நோட்டையே அவள் பக்கம் நகர்த்தினார்.

படித்தாள். "இந்த ஊரில் மத்தியைத் தவிட்டுக் குழம்பில் வேகவிடுகிறார்கள், முதல் வாய்க்குக் கசப்பு, மூன்றாவது வாய்க்குப் பழக்கம். மீன்காரர்கள் கூவுவதில்லை, ரகசியம் சொல்கிறார்கள். சந்தை முடிவில் ஒரு மதுக்கடை. மது குளிர்ச்சி, கடைக்காரம்மா அதைவிடக் குளிர்ச்சி. எங்கோ ஒரு பானை கொதிக்கிறது. யாரும் சாப்பிடக் காணோம்."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். "இதை யாருக்கு அனுப்புவீங்க?"

"யாருக்கும் இல்லை. எனக்குத்தான்."

அவர் படியிறங்கியதும், "அவருக்குத்தானாம். அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள். ஒரு துண்டு முள்ளங்கி கூடத் தரவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். இரண்டு வாரம் போயும் அலுவலகத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. பானை கல்லாப் பக்கம் திரும்பியது. முதல் கிண்ணத்தை நீட்டியவர் உமெஸு; கொஞ்சம் கடுகு விழுதும் கேட்டார்.

அடுத்த ஏப்ரலில் உமெஸு வேறு ஊருக்குக் குடிபோனார். போன பிறகு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புகிற அச்சிட்ட அட்டை ஒன்று கடைக்கும் வந்தது. நகரச் சுகாதார அலுவலகத்தின் உணவுக்கடை உரிமப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து அவர் ஓய்வு பெற்றிருந்தார்.